இரண்டிலும் வெள்ளைப் பூ

"தாயி, ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவையே வச்சுக் கட்டிரவா?"

இருளப்பன் இதைக் கேட்டபோது பூரணத்தம்மை மடத்தின் பின்சுவருக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். கேட்டது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை.

இருளப்பன் அங்கேயே நின்றான். பதில் வரும்வரை நிற்பதுதான் அந்த மடத்தில் அவன் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

"எதுக்கு?" என்றார் அம்மை, கடைசியில்.

"சொர்ணக்கிளி பிழைச்சுக்கிடுவா."

"யார்கிட்ட இருந்து?"

"ஊர்கிட்ட இருந்து."

அம்மை இன்னொரு கை சாணியை அள்ளிச் சுவரில் அப்பினார்.

ஊரில் நடந்தது இதுதான். மலைக்கொழுந்து என்பவர் ஊருக்குப் பெரியவர். அவருடைய பேத்தி கோமதி, தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை, காய்ச்சலில் இறந்துபோனாள். காய்ச்சல் காண்பதற்கு முந்தின நாள் சொர்ணக்கிளி அந்தப் பிள்ளையைத் தெருவில் தூக்கிக் கொஞ்சி, வாயில் ஒரு துண்டு கருப்பட்டி போட்டிருக்கிறாள். சொர்ணக்கிளி புருஷனை இழந்தவள், பிள்ளை பெறாதவள். ஊருக்கு வேறென்ன வேண்டும்? கருப்பட்டியில் சூனியம் வைத்துக் கொடுத்துவிட்டாள் என்றார்கள்.

வைத்ததை யாரும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றிப் பேசும்போதுதான் நம் ஜனங்களுக்குக் குரல் எடுப்பாக வரும்.

அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது. ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, பேச்சு வராத குழந்தை ஒன்றை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சொர்ணக்கிளி மேல் குற்றமில்லை. சிவப்பு வந்தால் உடுத்திய சேலையோடு ஊரைவிட்டுப் போக வேண்டும். சூனியக்காரி என்று பெயர் வாங்கியவளை அடுத்த ஊர் மட்டும் ஆரத்தி எடுத்தா அழைக்கும்? எங்காவது பொட்டல் காட்டில் விழுந்து சாக வேண்டியதுதான்.

பூக்கட்டுகிற ஆளுக்கு ஊரில் உறவும் இருக்கக் கூடாது, நிலமும் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் மடத்து இருளப்பன்தான் அகப்பட்டான். குழந்தை எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை. அப்படியே குளத்தில் விட்டுவிடுவார்கள். இருளப்பன் நம்பியிருந்தது அந்த வழக்கத்தைத்தான்.

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. மடத்துக்கு வருமுன் இருளப்பன் சந்தை சந்தையாகச் செப்படி வித்தை காட்டிப் பிழைத்தவன். அம்மையைவிட ஒரு மாமாங்கத்துக்கு மேல் மூத்தவன். தலை நரைத்த பிறகு, தன் வித்தையெல்லாம் வெறும் கைவேகம் என்று கசந்துபோய், உண்மையான அற்புதம் ஒன்றையாவது பார்த்துவிட்டுச் சாகலாம் என்று பூரணத்தம்மையைத் தேடி வந்தான். அவ்வளவு கதை கேட்டிருந்தான் அவரைப் பற்றி. வந்த நாளிலிருந்து பார்த்ததெல்லாம் பெருக்குவதும் மெழுகுவதும் கஞ்சி காய்ச்சுவதும்தான்.

"வேண்டாம்னு சொல்லுங்க தாயி. கட்டலை."

"சொன்னா கட்டாம இருந்துருவீங்களா அண்ணாச்சி?"

இருளப்பன் யோசித்துப் பார்த்தான். "இருக்க மாட்டேன்."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

"பொய்யாச்சே. அதுவும் அம்மன் முன்னால."

"பொய் இல்லாமக் கட்டினா எப்படிக் கட்டுவீங்க?"

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு."

"அது உண்மையா?"

இருளப்பன் சாணிச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"மெழுகி முடிச்சுட்டு நாளைக்கு நானும் கோயிலுக்கு வாரேன்," என்றார் அம்மை. அது சம்மதமா எச்சரிக்கையா என்று அவனுக்கு விளங்கவில்லை.

அன்று பொழுது சாயும்போது இருளப்பன் சொர்ணக்கிளியின் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாத தாயி. நாளைக்கு வெள்ளைதான் வரும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மன் கைவிட மாட்டா."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அண்ணாச்சி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டா? ஒருவேளை நான்தான் செஞ்சுட்டேனோ?"

"என்ன பேச்சு இது?"

"கருப்பட்டியில ஒண்ணும் வைக்கலை. சத்தியமா வைக்கலை. ஆனா அந்தப் பிள்ளையை இடுப்புல தூக்கினப்போ, எனக்கு இப்படி ஒண்ணு இல்லையேன்னு நெஞ்சு எரிஞ்சுது. அந்த எரிச்சல் போய் அதைத் தாக்கிருச்சோ என்னமோ. ராத்திரியெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

"அப்படியெல்லாம் இல்லைம்மா."

"நீங்க சொன்னா ஆச்சா? ஊரு போகச் சொல்லுது, இருக்கச் சொல்லுது, அது இருக்கட்டும். எனக்கு அம்மன் சொல்லணும். வெள்ளை வந்தா நான் நம்பிக்கிடுவேன், என்மேல தப்பில்லைன்னு."

இருளப்பன் எழுந்து வந்துவிட்டான். ஊரை ஏமாற்றுவதற்குத் தயாராகத்தான் இருந்தான். இவளையும் சேர்த்து ஏமாற்ற வேண்டியிருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. ஆனாலும் உயிர் முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

காலையில் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது.

சொர்ணக்கிளி குளத்தில் முழுகிவிட்டு ஈரச் சேலையோடு நின்றாள். பூரணத்தம்மை கூட்டத்தின் ஓரமாக, வேப்பமரத்தடியில் நின்றார்.

இருளப்பன் எல்லோர் கண்ணிலும் படும்படி இரண்டு நந்தியாவட்டையும் ஒரு செவ்வரளியும் பறித்துவந்தான். ஒரு வெள்ளை அம்மன் பாதத்துக்கு என்று சொல்லிக்கொண்டான். இரண்டு பூவரச இலைகளில் வைத்து வாழைநாரால் கட்டினான். ஊர் முழுக்க அவன் கையைத்தான் பார்த்தது. பாதத்துக்கு என்று சொன்ன பூ எப்போது இலைக்குள் போனது, செவ்வரளி எப்போது அவன் மடிக்குள் இறங்கியது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கை பழசை மறக்கவில்லை.

குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது இரண்டு பொட்டலத்தையும் பார்த்தது, பூசாரியின் தாடியைப் பார்த்தது, பிறகு ஒன்றை எடுத்து வாயில் வைத்தது. பூசாரி அதை வாங்கிப் பிரித்தார்.

வெள்ளை.

பெண்கள் குலவை போட்டார்கள். சொர்ணக்கிளி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். சந்தையில் இருளப்பன் எத்தனையோ கைதட்டல் வாங்கியிருக்கிறான். இந்தக் குலவை கொடுத்த சந்தோஷத்தை அவனுக்கு எதுவும் கொடுத்ததில்லை.

"அந்த இன்னொண்ணையும் பிரி."

சொன்னவர் மலைக்கொழுந்து.

பூசாரி தயங்கினார். "அது வழக்கம் இல்லீங்களே."

"என் வீட்டுப் பிள்ளை மண்ணுக்குள்ள கிடக்கே, அது மட்டும் வழக்கமா?"

யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்தார். நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். இலையை விரித்தார்.

அதிலும் வெள்ளை.

இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். பிடிபட்டாயிற்று. இனி அடிதான். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கண்ணை மூடினான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சொர்ணக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிவப்பை வெளுக்க வச்சுட்டா," என்றது ஒரு குரல்.

"அம்மன் காலடியிலயே."

"அம்மனையே மந்திரத்துல கட்டிட்டாளே!"

ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான்.

இருளப்பன் ஓடிப்போய் நடுவில் நின்றான். "நான்தான்! அவ ஒண்ணும் செய்யலை. ரெண்டுலயும் வெள்ளையை வச்சது நான்தான்!"

"உங்களுக்கு ஏன் சாமி வம்பு? நீங்க சிவப்பு பறிச்சதை நாங்கதான் பாத்தோமே."

"பறிச்சேன். ஒளிச்சுட்டேன். நான் சந்தையில வித்தை காட்டிப் பிழைச்சவன் ஐயா. இதுதான் என் தொழில். இந்தா பாருங்க!"

மடியிலிருந்து செவ்வரளியை எடுத்து உயர்த்திக் காட்டினான்.

கூட்டம் இரண்டடி பின்வாங்கியது.

"இலைக்குள்ள இருந்த பூ இவரு மடிக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் ஒரு கிழவி. "அனுப்பிருக்காளே பாவி!"

"அவரையும் சேத்துக் கட்டிப்போட்டுட்டா. பாவம், என்னென்னமோ உளறுதாரு."

இருளப்பன் பூவைப் பிடித்தபடி நின்றான். இத்தனை காலமும் பொய்யைக் காட்டினான், நம்பினார்கள். உண்மையைக் காட்டினால் நம்ப ஆளில்லை. திரும்பிப் பார்த்தான். தரையில் உட்கார்ந்திருந்த சொர்ணக்கிளி அந்தச் சிவப்புப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் அவன் சொன்னதை நம்பியவள் அவள் ஒருத்திதான். அம்மன் தனக்குப் பதில் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த முகத்தை இருளப்பனால் பார்க்க முடியவில்லை.

அவன் வேப்பமரத்தடிக்கு ஓடினான். "தாயி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. 'அம்மன் உத்தரவு, அவளை விடுங்க'ன்னு சொன்னாப் போதும்."

"அதுவும் வெள்ளைப் பூதான் அண்ணாச்சி," என்றார் அம்மை. ஆனால் நடந்தார்.

கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மை சொன்னால் கேட்பார்கள்தான். அவர் அந்த ஊருக்கு ஆற்று வெள்ளத்தின் மேல் நடந்து வந்தவர். கோயில் கொடைத் திருவிழா வரும்போதெல்லாம் இதைப் பாட்டாகவே கட்டிப் பாடுகிறார்கள். அவர் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளம் பாயாக விரிந்தது என்று வரும்போது ஊரே கண்ணீர் விடும்.

அம்மை நடுவில் வந்து நின்றார். "நான் ஓடத்துல வந்தேன்," என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"ஆத்து மேல நடந்து வரலை. ஓடத்துல வந்தேன். ஆட்டம் தாங்காம வழியெல்லாம் வாந்தி எடுத்தேன். ஓடக்காரரு தலையைப் பிடிச்சுக்கிட்டாரு. அந்தா நிக்காரே, கேளுங்க."

ஓடக்காரர் கை கூப்பிவிட்டார். "தாயி நம்மளைச் சோதிக்காக. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன். நடந்துதான் வந்தாக."

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. பாட்டைக் கேட்டுக் கேட்டு, தான் துடுப்புப் போட்டதை அவரே மறந்துபோயிருந்தார்.

அம்மை அவரோடு வழக்காடவில்லை. நேராக மலைக்கொழுந்துவிடம் போனார். அவர் இலையையும் பூவையும் பிடித்தபடி நின்றிருந்தார்.

"பெரியவரே, காய்ச்சல் கண்டதும் பிள்ளையை எங்க தூக்கிட்டு வந்தீங்க?"

மலைக்கொழுந்து இலையை மடித்தார்.

"சொல்லுங்க."

"மடத்துக்கு."

"நான் என்ன செஞ்சேன்?"

"திருநீறு போட்டீக."

"பிள்ளை பிழைச்சுதா?"

"இல்லை," என்றார் மலைக்கொழுந்து.

"கருப்பட்டி கொடுத்தவளைத் தேடி ஊரே கிளம்பி வந்திருக்கு. திருநீறு போட்டவளைத் தேடி ஏன் ஒருத்தரும் வரலை?"

இருளப்பனுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. திருநீற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அவன்தான் பக்கத்தில் நின்றான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போன பிறகு அம்மை வெகுநேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். அது ஏதோ தியானம் என்று அவன் நினைத்திருந்தான்.

"நீங்க என்ன தாயி செய்வீக," என்றார் மலைக்கொழுந்து. "நல்லதுக்குத்தானே போட்டீக."

"அவளும் ஆசையாத்தானே கொடுத்தா."

"அப்போ என் பிள்ளையை யாரு கொன்னா?"

"காய்ச்சல்."

"காய்ச்சலை யாரு ஏவி விட்டா?"

"யாரும் ஏவலை."

"அப்படிச் சொல்லாதீக!"

மலைக்கொழுந்து போட்ட சத்தத்தில் பூசாரி கையிலிருந்த குழந்தை அழ ஆரம்பித்தது. "அப்படி மட்டும் சொல்லாதீக தாயி. யாரும் செய்யலைன்னா நான் யார்கூடப் போய்ச் சண்டை போடுவேன்?"

"என்கூடப் போடுங்க," என்றார் பூரணத்தம்மை.

முக்காட்டை விலக்கிவிட்டு அவர் முன்னால் நின்றார்.

மலைக்கொழுந்தின் கை உயர்ந்தது. யாரோ "ஐயோ பெரியவுகளே" என்று அலறினார்கள். இருளப்பன் பாய்ந்தான். அம்மை அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான்.

கை அம்மையின் தோளில் விழுந்தது. மறுபடி விழுந்தது. அதற்குமேல் அதில் வலுவில்லை. அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு பெரியவர் மெல்ல மெல்லச் சரிந்து மண்ணில் உட்கார்ந்தார்.

"கோமு," என்றார். "ஏ கோமு."

பிள்ளையைப் புதைத்த நாளிலிருந்து அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை சாவுக்கு அங்கே ஒப்பாரி கிடையாது. புதைத்துவிட்டு வந்து கைகால் கழுவி, மறுநாள் வயலுக்குப் போய்விட வேண்டும். பெரியவர் வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள்.

இப்போது பிள்ளையைப் பெற்றவள் கூட்டத்திலிருந்து வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு கிழவிகள் உட்கார்ந்தார்கள். எவளோ மெல்லிய குரலில் ஒப்பாரியை எடுத்தாள். சாவு வீட்டில் நின்றுகொண்டிருக்கக் கூடாது. கல்லை எடுத்தவன் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் முழித்துவிட்டு, காலடியில் வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்தான்.

இருளப்பன் உட்கார்ந்து அழுதான். யாருக்காக அழுகிறோம் என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

அழுகை ஓய்கிற நேரத்தில் சொர்ணக்கிளி எழுந்தாள். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொள்வாள் என்று இருளப்பன் நினைத்தான். போனால் யார் குறை சொல்ல முடியும்? அவள் கோயில் கிணற்றுக்குப் போனாள். வாளியை விட்டு நீர் இறைத்தாள். ஒரு செம்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு நேராக வந்து மலைக்கொழுந்தின் முன்னால் நீட்டினாள்.

ஒப்பாரி நின்றுபோனது.

இருளப்பன் செம்பையே பார்த்தான். அவர் செம்பைத் தட்டிவிட்டால் இவள் கதி அவ்வளவுதான். தடுக்க ஒரு வழி இருந்தது. செம்பை வாங்கி, ஊர் பார்க்கத் தான் ஒரு மடக்குக் குடித்துக் காட்டிவிடலாம். சுலபம். அவன் பாதி எழுந்துவிட்டான்.

அம்மை அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க அண்ணாச்சி."

இருளப்பன் உட்கார்ந்தான். கூட்டத்துக்கு நடுவில் ஒன்றும் செய்யாமல் இருந்து அந்தக் கைக்குப் பழக்கமில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டான்.

மலைக்கொழுந்து செம்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவளின் முகத்தைப் பார்த்தார்.

"ஏளா, இதுல என்ன இருக்கு?"

"தண்ணி மாமா," என்றாள் சொர்ணக்கிளி.

அவர் வாங்கிக் குடித்தார்.